ரஸ்தாளி வாடுகிறது, விரிடி போட்டும் நிற்கவில்லை

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லால்குடி பக்கம் ஒன்றரை ஏக்கரில் ரஸ்தாளி போட்டிருக்கிறேன். போன கார்த்திகையில் நட்டது, மொத்தம் 1,350 கன்று. கன்று சொந்தம் இல்லை, ஒரு புரோக்கர் மூலமாக வாங்கியது. இப்போது ஆறாவது மாதம்.

இருபது நாளாக மரம் வாடுகிறது. முதலில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகிறது. பிறகு காம்பு தண்டோடு ஒட்டும் இடத்தில் மடங்கி, இலைகள் சுற்றிலும் பாவாடை மாதிரி தொங்குகின்றன. நடுக்குருத்து மட்டும் சில நாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. சில மரங்களில் தண்டு அடியில் நெடுக்காக வெடித்திருக்கிறது. நேற்று எண்ணியபோது 43 மரம். எல்லாம் வாய்க்கால் மடைப் பக்கம் ஆரம்பித்து தண்ணீர் போகிற வழியிலேயே போகிறது.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது மாதமே பக்கத்துத் தோட்டத்தில் வாடல் என்று கேள்விப்பட்டு, கடைக்காரர் சொன்னபடி கார்பெண்டசிம் கரைத்து மரத்தடியில் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து ட்ரைக்கோடெர்மா விரிடி கொடுத்தேன். போன மாதம் முதல் மரம் சாய்ந்ததும் பயந்துபோய் இரண்டையும் ஒரே டிரம்மில் கலந்து எல்லா மரத்துக்கும் ஊற்றினேன். இதுவரை செலவு பதினோராயிரம்.

மூன்று கேள்வி. எனக்குக் கொடுத்த விரிடி டூப்ளிகேட்டா? இதுதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த டிஆர்4 நோயா? அடுத்த வருஷம் இதே வயலில் வாழை வைக்கலாமா? "மண்ணு செத்துப்போச்சுடா" என்று அப்பா சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்படி விட மனசில்லை.

பூவன்காரன் எழுதியது:

தம்பி, நாங்கள் ரஸ்தாளியை விட்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் எல்லாம் பூவன்தான். இந்த வாடல் பூவனை ஒன்றும் செய்யாது. விலை ரஸ்தாளி அளவுக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலையும் விற்கலாம், ராத்திரி தூக்கமும் வரும்.

கிழங்குவெட்டி எழுதியது:

கொள்ளிடக்கரை தம்பி, உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். வாழை வாடலில்தான் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தேன். வெட்டிய கிழங்குகளுக்குக் கணக்கு இல்லை, அதனால்தான் இந்தப் பெயர். அக்கா என்றே கூப்பிடலாம்.

முதலில் அந்த டிரம். விரிடி டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்: விரிடியும் ஒரு பூஞ்சைதான். கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லி. நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று அது ஆள் பார்க்காது. விரிடிக்கு கார்பெண்டசிம் ரொம்பவே ஆகாது. ஒரே டிரம்மில் கலந்த அன்றே உங்கள் விரிடி முடிந்தது. மூன்றாவது மாதம் ஒரு வார இடைவெளியில் கொடுத்ததும் பெரிதாக மிஞ்சியிருக்காது, மருந்து மண்ணில் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதல் வருஷம் நானும் இதையே செய்தேன், அதுவும் பரிசோதனைக்கூடத்தில். உருளைக்கிழங்குச் சாறு ஊடகத்தில் கொஞ்சம் கார்பெண்டசிம் கலந்து, நடுவில் விரிடி வளர்ப்பில் ஒரு துண்டு வைத்தேன். மருந்து கலக்காத தட்டில் நாலே நாளில் வெள்ளையாகப் பரவி, நடுவிலிருந்து பச்சை கட்ட ஆரம்பித்தது. மருந்துத் தட்டில் நான் வைத்த துண்டு வைத்தபடி கிடந்தது, ஓரத்தில் ஒரு இழைகூட இல்லை. என் வளர்ப்புதான் செத்துவிட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன். பதினைந்து நாள் வீண். கடைசியில் தட்டு கழுவுகிற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பூஞ்சைக்குப் பூஞ்சை மருந்து ஊத்துனா வேற என்னம்மா ஆகும்" என்றார். அந்த அண்ணன் சொன்னதைத்தான் பிறகு நான் அட்டவணை போட்டு எழுதினேன்.

இன்னொன்று, விரிடி வந்த நோயைக் குணப்படுத்துகிற மருந்து இல்லை, காவல்காரன். வேரைச் சுற்றி முன்கூட்டியே குடியேறி இருக்க வேண்டும். எதிரிப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக் கொடி மாதிரி பின்னிக்கொள்ளும், அதன் சுவரைக் கரைக்கிற நொதியை விடும், அதற்குப் போக வேண்டிய சாப்பாட்டையும் தானே தின்றுவிடும். இதெல்லாம் மண்ணில். வாடல் பூஞ்சையான ஃபுசேரியமோ வேருக்குள் புகுந்து, தண்ணீர் ஏறுகிற குழாய்க்குள் போய் உட்கார்ந்துவிடும். மரமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் குழாயைப் பிசின் வைத்து அடைத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நின்றாலும் இலை வாடுவது அதனால்தான். திருடன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு வாசலில் காவல் வைத்து என்ன செய்வது?

சரி, இது ஃபுசேரியம்தான் என்று நான் எழுத்தை வைத்தே முடிவு செய்யக் கூடாது. பாவாடை, தண்டு வெடிப்பு எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. ஆனாலும் வெட்டிப் பாருங்கள். பாதி வாடிய மரமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், முழுசாகக் காய்ந்தது வேண்டாம். கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். வெள்ளைச் சதையில் செம்பழுப்புப் புள்ளிகளும் வளையமும் இருந்தால் ஃபுசேரியம். சுரங்கம் மாதிரி ஓட்டையும் உள்ளே புழுவும் இருந்தால் கிழங்குக் கூன்வண்டு. கொழகொழவென்று அழுகி நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல். தண்டிலும் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி, வெட்டு முகம் தண்ணீரில் படுகிற மாதிரி தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் நூல் மாதிரி ஒழுகி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். ஃபுசேரியத்தில் அப்படி வராது.

டிஆர்4 பற்றி. அதுவும் ரேஸ் 1 என்பதும் இதே ஃபுசேரியத்தின் வெவ்வேறு வகைகள்தான். ரஸ்தாளியைக் கொல்ல டிஆர்4 வர வேண்டியதில்லை, இங்கே ரொம்ப காலமாக இருக்கிற ரேஸ் 1 போதும். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்கிற ரகத்தை ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்தே காலி செய்ததும் இதுதான். அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் ரேஸ் 1ஐத் தாங்கியது. அந்தக் கேவண்டிஷையும் சாய்க்கிறது என்பதால்தான் டிஆர்4க்கு இவ்வளவு பயம். நம் நாட்டில் அது பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கம் உறுதியாகியிருக்கிறது. கேவண்டிஷ் வாடினாலே டிஆர்4 என்றும் சொல்லிவிட முடியாது. தேனிப் பக்கம் கேவண்டிஷ் வாடியதைச் சோதித்தபோது கொஞ்சம் வீரியமான ரேஸ் 1 என்றுதான் தெரிந்தது, 2010இல் அறிக்கை வந்தது. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, டிஎன்ஏ சோதனைதான் வழி. உங்களுக்கு நல்லவேளை, தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. மாதிரி கொண்டுபோகும்போது கிழங்கைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்துப் போகாதீர்கள், வியர்த்து அழுகி ஒன்றுக்கும் ஆகாது. தண்டில் இருக்கிற செம்பழுப்பு நாரைக் கத்தியால் உரித்து, தாளில் பரப்பி நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: மடைப் பக்கத்துப் பாத்திகளுக்குப் பாய்கிற தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் கட்டுங்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், தண்ணீர் போகிற வழியில் நோய் போகிறது என்று. செத்த மரத்தை இழுத்துக்கொண்டு வயல் முழுக்கச் சுற்றாமல் அங்கேயே எரித்து, குழிக்கு ஒன்று இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அரிவாள், மண்வெட்டியைக் கழுவாமல் நல்ல மரத்துக்குப் போகாதீர்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றி இருக்கிற நல்ல மரங்களுக்கு மட்டும் கிழங்கு ஊசி: 2 சதவீதக் கார்பெண்டசிம் கரைசல் 3 மில்லி. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 2, 4, 6ஆம் மாதம், உங்களுக்குக் கடைசி வாய்ப்பு இதுதான். வாடிய மரத்துக்குப் போட்டால் காசுதான் கரையும். மண்ணுக்குச் சூடோமோனாஸை மட்கிய எருவில் கலந்து வையுங்கள், ஏக்கருக்கு ஒரு கிலோ. அது பாக்டீரியா, கார்பெண்டசிம் அதை விரிடி மாதிரி அடிக்காது.

மண் சாகவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. இந்தப் பூஞ்சை தடித்த ஓடு போட்ட வித்தாக மாறி, வாழையே இல்லாவிட்டாலும் பல வருஷம் மண்ணில் கிடக்கும். அடுத்து நெல் வையுங்கள், ரெண்டு மூன்று போகம் தண்ணீர் கட்டி நிற்கட்டும். குறையும், ஒழியாது. அப்புறம் வாழைதான் வேண்டும் என்றால் பூவன்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

மண்புழு_மாணிக்கம் எழுதியது:

அக்கா, விரிடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. வெந்த சோற்றை ஆறவைத்து, ஒரு சிட்டிகை பொடி தூவி, துணி மூடி வைத்தால் நாலு நாளில் பச்சை பூக்கும். பூத்தால் நல்ல சரக்கு. இது சரியா?

கிழங்குவெட்டி எழுதியது:

பாதி சரி. பழைய சோற்றில் விரிடி இல்லாமலேயே பச்சைப் பூசணம் பூக்குமே! பொடி தூவாத சோறு ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். அதிலும் பச்சை வந்தால் சோதனை செல்லாது. பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்ப்பது இதைவிட சுலபம். வெயிலில் அடுக்கி வைத்திருந்த பாக்கெட் என்றால் தேதி இருந்தாலும் வாங்காதீர்கள்.

நட்டு வைக்கும்போது கொடுப்பதாக இருந்தால் பொடியை வெறும் தண்ணீரில் கரைத்து மத்தியான வெயிலில் ஊற்றாதீர்கள். மட்கிய எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து, ஈரம் தெளித்து, நிழலில் சாக்கு போட்டு மூடி, பத்துப் பதினைந்து நாள் பெருக்கிய பிறகு குழியில் போடுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

அக்கா, இன்று காலை வெட்டினேன். அப்பாவும் வந்தார், வேண்டா வெறுப்பாகத்தான். மேலே பார்த்தால் கிழங்கு நல்ல கிழங்கு மாதிரியே இருந்தது. குறுக்கே வெட்டியதும் உள்ளே முட்டை ஓடு நிறச் சதையில் துருப்பிடித்த ஆணி குத்தின மாதிரி புள்ளி புள்ளியாக, வெளி ஓரத்தில் வட்டமாக. புழு இல்லை, நாற்றமும் இல்லை. டம்ளரில் அரை மணி நேரம் வைத்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நாரை உரித்து தினசரித் தாளில் திண்ணையில் காயவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தாயனூர் போகிறேன்.

ஒரு சந்தேகம். மேட்டுப் பக்கம் 600 மரம் இன்னும் ஒன்றும் ஆகாமல் நிற்கிறது. மச்சான் அதிலிருந்து 200 பக்கக்கன்று கேட்டிருந்தார், தருவதாகச் சொல்லிவிட்டேன். நல்ல மரத்துக் கன்றுதானே, கொடுக்கலாமா?

கிழங்குவெட்டி எழுதியது:

கூடாது தம்பி. பார்க்க நன்றாக இருக்கிற மரத்தின் கிழங்கிலும் பூஞ்சை இருக்கலாம், வாடல் தெரிய மாதங்கள் ஆகும். உங்களுக்கு அந்தப் புரோக்கர் கொடுத்ததும் அனேகமாக அப்படி நன்றாக இருந்த மரத்துக் கன்றுதான். மச்சானுக்குத் திசு வளர்ப்புக் கன்று வாங்கச் சொல்லுங்கள், அதுவும் வாடல் வராத வயலாக இருந்தால் மட்டும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

போன் போட்டுச் சொல்லிவிட்டேன் அக்கா. கன்று விலை ஏறிவிட்டதால்தான் சாக்கு சொல்கிறேன் என்று நினைக்கிறார். வெட்டிய கிழங்கைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துவிட்டது, பதில் இல்லை.