கொள்ளிடத்தில் வெள்ளம், கவிழ்ந்த கயாக்: உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

சீர்காழிப் பக்கம்

2022-இல் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வந்த தண்ணீரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூரில் 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்து, கொள்ளிடக் கரைத் திட்டு ஊர்களான நாதல்படுகை, முதலைமேடு திட்டு எல்லாம் மூழ்கிக் கிடந்த சமயம். நானும் நண்பனும் ஆளுக்கொரு கயாக்கில், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகில் இருந்தோம். நடு ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை. கரையோரம் முங்கியிருந்த சீமைக்கருவேலத்தில் அவன் படகு குறுக்காகப் போய் ஒட்டியது. தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்தது, கவிழ்ந்துவிட்டது.

இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகில் ஏறிய தண்ணீர் தலைக்கவசத்தைத் தாண்டி வழிந்தது. கால் இரண்டும் கிளைக்கு அடியில் இழுபட்டன. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "கிட்ட வராதடா!" என்று கத்தினான். அந்தக் குரல்தான் இன்னும் காதிலேயே நிற்கிறது. அவன் சொன்னதுதான் சரி. நான் போயிருந்தால் அதே மரத்தில் நானும் சிக்கியிருப்பேன்.

கொஞ்சம் கீழே தள்ளிக் கரையேறி ஓடிவந்தேன். "கிளைமேல வயித்தப் போட்டு ஏறு" என்று கத்தினேன், ஏறிவிட்டான். அப்புறம் கயிற்றுப் பையை (உள்ளே மிதக்கும் கயிறு திணித்த, வீசுவதற்கான பை) ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வீசினேன். கயிற்றை நெஞ்சோடு அணைத்து மல்லாந்தான், ஆற்று வேகமே அவனை வளைத்துக் கரையில் ஒதுக்கிவிட்டது.

கும்பகோணம்

படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் பார்த்தது ஒரு நீரொழுங்கிக்கு, அதாவது ஆற்றுத் தண்ணீரை ஷட்டர் வைத்துக் கூட்டிக் குறைக்கும் கட்டுக்குக் கீழே. ஊர் பெயர் வேண்டாம். கயாக்கில் வந்த பையன் ஷட்டர் தண்ணீர் விழுந்து நுரைக்கிற இடத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டான். மேலே பார்த்தால் தண்ணீர் கீழ்நோக்கி ஓடுகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் மேல்தண்ணீர் ஷட்டரை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அவன் வெளியே நீந்த நீந்த உள்ளேயே போனான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் முங்கி முங்கி எழுந்தான்.

கூட வந்தவர் தண்ணீரில் குதிக்கவில்லை. கரையில் நின்றபடி கயிற்றைப் போட்டுக்கொண்டே, "லஸ்கர கூப்பிடுங்க! ஷட்டர இறக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார். ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரைத்தான் லஸ்கர் என்பார்கள். அவர் ஓடிவந்து சக்கரத்தைச் சுற்ற, கதவு இறங்க இறங்க நுரை அடங்கியது. பையன் கயிற்றைப் பிடித்துவிட்டான். குதிக்காமல் நின்றாரே, அந்த நிதானம் எனக்கு ஆச்சரியம். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் "எறங்குய்யா, எறங்குய்யா" என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம்.

திருச்சிக்காரன்

முதலில் எழுதியவருக்கு: 2 லட்சம் கன அடி போகும்போது கயாக் எடுத்துக்கொண்டு ஏன் ஐயா போனீர்கள்? கரையோரம் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். 1 லட்சம் கன அடி என்றாலே வினாடிக்கு 28 லட்சம் லிட்டர். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போன ஆறு இது. மறுநாள் போய்ப் பார்த்தேன், மதகைத் தாங்கிய தூணே இல்லை. அதைப் பார்த்தவன் விளையாட்டுக்கு அந்தத் தண்ணீரில் கால் வைக்க மாட்டான். விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி மிதந்து போக வேண்டும், எப்போதும் அதுதான் விதி. அது தெரியாதவர்கள் இறங்கவே கூடாது.

சீர்காழிப் பக்கம்

விளையாட்டுக்கு இல்லை, அண்ணே. திட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனோம். பெரிய படகு நுழையாத சந்தில் கயாக் நுழைந்தது.

மயிலாடுதுறை

திருச்சி அண்ணன் சொன்ன விதி பாறை ஆற்றுக்குச் சரி. கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில், மழைக்காலத்து இருவஞ்சிப்புழையில்தான் நான் கயாக் பழகினேன். அங்கே மல்லாந்து, கால் முன்னால், பாதம் தண்ணீர் மட்டத்தில். எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளை மடக்கி முக்கிவிடும்.

நம் டெல்டாவில் பாறை கிடையாது. இங்கே ஆளைக் கொல்வது மூழ்கிய மரமும் ஷட்டர் அடியும். மரத்தை நோக்கிக் காலை நீட்டிக்கொண்டு போனால் உடம்பு கிளைக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் குப்புறத் திரும்பி, தலை முன்னால், மரத்தை நோக்கி வேகமாக நீந்திக் கிளைமேல் ஏற வேண்டும். சீர்காழிக்காரர் "ஏறு" என்று கத்தியதுதான் அவர் நண்பரைக் காப்பாற்றியது. ஏறுவதற்கு முன்னால் கயிற்றை வீசி இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீசும் கயிற்றை உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு, ஆளைத் தாண்டி விழுகிற மாதிரி வீசுங்கள். வீசிய கையோடு உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ளுங்கள், இழுப்பு அவ்வளவு பலமாக வரும். கோடையில் காய்ந்த ஆற்று மணலிலேயே ஒரு குச்சியை நட்டு வீசிப் பழகலாம். பழகி முடித்ததும் கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் திணியுங்கள். சுருட்டி வைத்தால் அடுத்த முறை வீசும்போது சிக்கும்.