மாங்குளத்தில் புது வீடு: பெரிய மின்காருக்கு இப்போதே என்ன வயரிங் போட வேண்டும்?

மாங்குளத்தான்:
லண்டனில் இருக்கும் சித்தப்பா ஓய்வுபெற்று ஊருக்கு வருகிறார். அவருக்காகக் கட்டும் வீட்டில் சுவர் எழும்பிவிட்டது, பூச்சு தொடங்கவில்லை. ஜகுவார் கொண்டுவரவிருக்கும் நான்கு கதவு மின்காரில்தான் அவர் மனம் முழுவதும். ஒருமுறை ஏற்றினால் 770 கிலோமீற்றர் ஓடும், 15 நிமிடத்தில் 321 கிலோமீற்றருக்கான மின்சாரம் ஏறும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. வீட்டிலும் அப்படி ஏறுமா அண்ணன்மாரே?

பரந்தன் வயரிங்:
ஏறாது தம்பி. 321 கிலோமீற்றர் என்றால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 முழுவதும். 100 கிலோமீற்றருக்கு 20 யூனிட் (கிலோவாட்-மணி) என்று வைத்தாலும் 64 யூனிட் வேண்டும். அதைக் கால்மணி நேரத்தில் கொடுக்க 250 கிலோவாட் தேவை. நம் வீடுகளுக்கு வரும் 30 ஆம்பியர், 230 வோல்ட் இணைப்பு ஏறக்குறைய 7 கிலோவாட்தான். அதே 64 யூனிட்டுக்கு ஒன்பது மணித்தியாலம், அதுவும் வீட்டில் வேறெதுவும் ஓடாவிட்டால்.

மூன்று மின்கம்பிகளில் வரும் த்ரீபேஸ் இணைப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பெரும்பாலான மின்கார்கள் அதில் 11 கிலோவாட் வரை வாங்கும், ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். காருக்கென்று தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச் அவசியம். ஏர்த் கம்பியின் மின்தடையை மாரியில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆவணியில் நம் மண் வறண்டு இறுகிவிடும், அப்போதுதான் ஏர்த் கைவிடும். கோடையில் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். உயிர் விஷயம் இது.

முள்ளியவளைச் சாரதி:
வயரை விடுங்கள், வரியைப் பாருங்கள். இங்கே மின்காரின் தீர்வையை மோட்டார் வலுவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வலுக் கூடக் கூட வரியும் கூடும். பற்றரி காரின் அடியில் இருக்கும். கிறவல் ஒழுங்கையில் தாழ்ந்த காரைக் கொண்டுபோகிறவன் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட வேண்டும். உயரமான மின்கார் ஒன்றைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மாங்குளத்தான்:
நான் சொன்னால் கேட்கமாட்டார், சித்தியிடம் சொல்கிறேன். வேறு கார் எடுத்தாலும் இந்த வயரிங் உதவுமா அண்ணா?

பரந்தன் வயரிங்:
உதவும். சுவரில் மாட்டும் பெட்டியும் பிளக்கும்தான் மாறலாம். பூசிய சுவரை வெட்டி வயர் இழுக்கும் வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மேசன் பூச்சைத் தொடங்குமுன் மீற்றர்ப் பெட்டியிலிருந்து கார்க் கொட்டில் வரை அகலமான குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே இழுகயிறும் விட்டுவையுங்கள்.