மறுமொழி: ‘பழுப்பு நிலம்’ வேண்டாம், ‘ஆலைத்தரிசு’ எப்படி?

வணக்கம். மாசு மண்ணை அளக்கும் ரோபோவைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கான சொற்களைக் கேட்டிருந்தீர்கள். பிரவுன்ஃபீல்டு என்பது, பழைய ஆலை போன்றவை இருந்து, மண்ணில் மாசு இருப்பதாலோ இருக்கலாம் என்பதாலோ மறுபடி பயன்படுத்தச் சிக்கலாகிக் கிடக்கிற இடம்.

> பிரவுன்ஃபீல்டுக்குப் ‘பழுப்பு நிலம்’ அல்லது ‘நஞ்சு நிலம்’ என்று வைக்கலாமா?

முதலாவது வேண்டாம். கேப்பர் மலைச் செம்மண்ணைப் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரர்கள் பழுப்பு நிலம் என்றால் மண்ணின் நிறத்தைத்தான் நினைப்போம். இரண்டாவதில் பெரிய வில்லங்கம்: பத்திரத்தில் நஞ்சை, புஞ்சை என்று எழுதுகிற ஊரில், தட்டச்சில் ஓர் உகரம் ஐகாரமாக மாறினால் போதும், விஷ மண் நெல் வயலாகிவிடும். இன்னொன்று, 2002-இல் வந்த அமெரிக்கச் சட்டம் மாசு உறுதியான இடத்தை மட்டுமல்ல, இருக்கலாம் என்ற சந்தேகத்தாலேயே மறுபயன்பாடு சிக்கலாகிற இடத்தையும் பிரவுன்ஃபீல்டு என்றுதான் சொல்கிறது. புதுச்சேரியில் மூடிக் கிடக்கிற மில் வளாகத்தை அளந்து பார்ப்பதற்கு முன்பே நஞ்சு என்று எழுத முடியுமா?

என் பரிந்துரை ஆலைத்தரிசு. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று வருவாய்த்துறையில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே. கைவிட்ட பெட்ரோல் பங்குக்குப் பொருந்தாதே என்பீர்கள். பொருந்தாதுதான்.

அப்புறம் ரெமீடியேஷன், அதாவது மண்ணின் மாசைக் கட்டுப்படுத்தி இடத்தை மறுபடி பயன்படுத்தத் தக்கதாக்குவது. ‘நில மீட்பு’ என்றால் ஆக்கிரமிப்பை இடிக்க ஜேசிபியோடு வரும் தாசில்தார்தான் கண்ணுக்குத் தெரிகிறார். ‘சுத்திகரிப்பு’ என்றால் எல்லாம் மாயமாகப் போய்விடும் என்று தோன்றும், ஆனால் ஈயமும் ஆர்செனிக்கும் அழிகிற சரக்கல்ல. தோண்டி வேறிடம் கொண்டுபோகலாம், மண்ணிலேயே கட்டிப்போடலாம், செடியை விட்டு உறிஞ்ச வைக்கலாம், அவ்வளவுதான். எங்கள் ஆயா கலங்கல் தண்ணீர் வந்தால் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றி வைப்பார். காலையில் மேலே தெளிந்திருக்கும், சேறு அடியில் அப்படியே கிடக்கும். அதனால்தான் ‘மண்தேற்றல்’ என்கிறேன். நோயில் விழுந்த உடம்பும் தேறத்தானே செய்கிறது. ‘தேற்றம்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் பித்தாகரஸைத் தேடுவார்கள்.

(செடியை விட்டு உறிஞ்ச வைப்பதில் ஓர் எச்சரிக்கை: வெட்டிவேர் ஈயத்தைப் பெரும்பாலும் வேரிலேயே தேக்கிவைக்கும். கடலூர்ப் பக்கத்து நொச்சிக்காட்டு மணலில் விளைந்த வேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடுகிற நாம், ஆலைத்தரிசில் பிடுங்கியதையும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது.)

ரோபோவுக்கு ‘மண்தேற்றி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கிற வண்டி எதையும் தேற்றுவதில்லை. கட்டம் கட்டமாகப் போய் நின்று, எக்ஸ்-கதிர் உணரியை மண்ணில் வைத்து, அரை நிமிடத்தில் ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது, அதுவும் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் குறைத்துக் காட்டும். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்க்கிற வேலைதான் அது. ‘மண் நாடி’ என்று வைப்போம். புணர்ச்சி விதிப்படி ‘மண்ணாடி’ என்று சேர்த்தால் யாராவது சென்னை மண்ணடிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், பிரித்தே எழுதலாம். ரோபோ என்ற பொதுச்சொல் மட்டும் ரோபோவாகவே இருக்கட்டும்.

பெட்ரோல் பங்குக்கும் பொருந்துகிற சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், ஆலைத்தரிசை நானே கைவிட்டுவிடுகிறேன்.