முகத்துவாரம் வெட்டவே ஒத்துவராத நாம, உலகத்தைத் திருத்துறதா?

படுவான்கரை டீச்சர் கேட்டது:

வணக்கம். படுவான்கரையில ஒரு பாடசாலையில புவியியல் படிப்பிக்கிறன். போன கிழமை பத்தாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றப் பாடம். 2015 பாரிஸ் உடன்படிக்கை, பூமி 1.5 பாகைக்கு மேல சூடாகாமப் பாக்கிறது, ஒவ்வொரு நாடும் தானே எழுதிக் குடுக்கிற வாக்குறுதி எண்டெல்லாம் கரும்பலகையில எழுதிட்டுத் திரும்பினா, கடைசி வாங்கில இருக்கிற பெடியன் எழும்பி நிக்கிறான். வருசம் முழுக்க வாய் திறக்காதவன். "டீச்சர், முகத்துவாரம் வெட்டுறதுக்கே நமக்குள்ள வருசாவருசம் ஒத்துவாறல்ல. இருநூறு நாடு எப்படி ஒத்துவரும்?"

வகுப்பே சிரிச்சிது. எனக்குச் சிரிப்பும் வரல்ல, பதிலும் வரல்ல. மணி அடிச்சது என்ட நல்ல காலம்.

வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன். மட்டக்களப்பு வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம். படுவான்கரை அதிட மேற்குக் கரை. வாவி கடலோட சேருற வாய்தான் முகத்துவாரம், அதை மணல்மேடு மூடிப்போடும். மாரி மழை அடிச்சு வாவி நிரம்பினா கரையோரப் பள்ள வயலெல்லாம் தண்ணிக்குள்ள. வயல்காரர் "இண்டைக்கே வெட்டுங்க" எண்டுவார். வாவியில வலை போடுறவர் "ஒள்ளுப்பம் பொறுங்க" எண்டுவார். வாய் திறந்தா தண்ணி ஒரே இழுவையில கடலுக்குப் போகும், வளர்ந்துகொண்டிருக்கிற இறாலும் அதோட போகும். அந்தப் பெடியன்ட அப்பா வயல் செய்யிறவர், அம்மாட தம்பி வாவியில தொழில். மாரி வந்தா அந்த வீட்டில சோத்துக்கோப்பைக்கு முன்னாலயே இந்தச் சண்டைதான். அவன் பகிடிக்குக் கேக்கல்ல.

உலகம் ஒண்டுசேர்ந்து ஒரு காரியத்தை உண்மையா முடிச்ச கதை, எங்கட ஊர்க் கண்ணுக்குத் தெரியிற மாதிரி, ஆருக்கும் தெரியுமா? கைகோத்து நிக்கிற பிள்ளைகள் படம் போட்ட போஸ்டர்க் கதை வேண்டாம். அது எங்கட பாடசாலைச் சுவரிலயே இருக்கு.

ஐஸ்பெட்டி காக்கா, கல்முனை:

டீச்சர், அந்தப் பெடியன ஒரு நாளைக்குக் கல்முனைக்குக் கூட்டி வாங்க. என்ட கடை மூலையில செத்துக் கிடக்கிற கொம்பிரசர் ஒண்டு காட்டுறன். பதில் அதுக்குள்ளதான் இரிக்கி.

நான் 1991ல மாமாட பிரிட்ஜ் கடையில வேலைக்குச் சேர்ந்தன். அப்ப பிரிட்ஜ் எண்டா ஆர்-12 காஸ்தான். பைப்பில ஓட்டை எண்டு ஒண்டு வந்தா, மிச்சக் காஸ முதல்ல வெளியில விடுவம். ஸ்ஸ்ஸ் எண்டு கொஞ்ச நேரம். மணமில்ல, நெருப்புப் பிடிக்காது. விரலுல பட்டா ஐஸ் கடிச்ச மாதிரி வெள்ளையாகும், அவ்வளவுதான். எத்தன பிரிட்ஜ்ல அப்படி விட்டனோ, அல்லாஹ்தான் கணக்கு வெச்சிரிப்பான்.

அந்தக் காஸ் மேல போய், வெயில்ட கெட்ட கதிரத் தடுக்கிற ஓசோன உடைக்கும் எண்டு மொலினா, ரோலண்ட் எண்டு ரெண்டு விஞ்ஞானிமார் 1974லயே எழுதிட்டாங்க. ஆரும் பெரிசா காது குடுக்கல்ல. 1985ல அந்தாட்டிக்காவுக்கு மேல ஓசோன் மெலிஞ்சு போனத அங்க வேலை செஞ்ச பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினாங்க. மறுகா ரெண்டே வருசம், 1987 செப்டெம்பர் 16, கனடாட மொன்றியலில இந்தக் காஸ்களக் குறைக்க ஒப்பந்தம். 2009க்குள்ள உலகத்தில இரிக்கிற அத்தன நாடும் சேர்ந்து முடிஞ்சிது. ஐநா சரித்திரத்தில ஒரு நாடு மிச்சமில்லாமச் சேர்ந்த முதல் ஒப்பந்தம் அதுதானாம்.

எப்படி ஒத்துவந்தாங்க எண்டு கேட்டா, எல்லாருக்கும் திடீரெண்டு நல்ல மனசு வந்திட்டெண்டு நினைக்காதீங்க. காஸ் செஞ்ச பெரிய கம்பனிகள் முதல்ல எதிர்த்திச்சு. இந்தியா, சீனா எல்லாம் "ஓட்டை போட்டது நீங்க, கூலி நாங்களா?" எண்டு கேட்டது. ஞாயமான கேள்வி. அதனால 1990ல லண்டனில கூடி, பணக்கார நாடுகள் காசு போடுற ஒரு நிதியத்த உண்டாக்கினாங்க. நம்மளப் போல நாடுகளுக்குப் பத்து வருசத் தவணையும் இருந்திச்சு. அதோட, சேராத நாட்டோட இந்தக் காஸ் யாவாரம் செய்யக்கூடா எண்டும் ஒரு சட்டம். வெளியில நிண்டா நட்டம், உள்ள வந்தா காசும் தவணையும். நீங்களா இருந்தா எந்தப் பக்கம் போவீங்க?

இனி என்ட கொம்பிரசர் கதை. புதுசா ஆர்-134ஏ காஸ் வந்த நேரம். பழைய ஆர்-12 மெசினுக்குள்ள இருந்தது மினரல் ஒயில். புதுக் காஸ் அதோட கலக்காது, எஸ்டர் ஒயில் மாத்தோணும். எனக்கு அது தெரியா. ஒரு மீன் முதலாளிட பெட்டிக்கு ஒயில் மாத்தாமக் காஸ மட்டும் அடிச்சு விட்டன். மூணு மாசத்தில கொம்பிரசர் இறுகிப்போச்சு. உள்ள இருந்த பாரையும் சூரையும் நாறி, முதலாளி கடை வாசல்ல வந்து நிண்டு பேசின பேச்சு இப்பவும் காதில கேக்குது. புதுக் கொம்பிரசர் என்ட கைக்காசுல. ஓசோனுக்கு வந்த வருத்தத்துக்கு நான் ஏன் மருந்துக் காசு கட்டணும் எண்டு ஏசினன். பிறகு ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. சாப்பாடு, பஸ் காசு, கையில ஒரு சேர்ட்டிபிக்கட். ஒயில் விசயத்த அங்கதான் படிச்சன். அந்த மாதிரிப் பயிற்சிக்கு நான் சொன்ன நிதியத்திலிருந்துதான் காசு வாற எண்டும் அங்கதான் விளங்கிச்சு. ஒரு வருசம் முந்திக் கூப்பிட்டிருந்தா என்ட காசு மிச்சம்!

இன்னொண்டும் சொல்லணும். களவு செஞ்சவனும் இருந்தான். 2018ல, தடை செஞ்ச சிஎப்சி-11 எண்ட காஸ் (ஆர்-12ட இனம்தான்) காத்துல எதிர்பார்த்த அளவுக்குக் குறையல்ல எண்டு பிடிச்சாங்க. கொரியாவிலயும் ஜப்பான் தீவு ஒண்டிலயும் காத்த அளக்கிற நிலையங்கள் இரிக்கி. அந்தக் கணக்கு சீனாட கிழக்குப் பக்கத்தக் காட்டிச்சு. கொஞ்ச வருசத்தில திரும்பக் குறைஞ்சிட்டு. அளக்க ஒருத்தன் இருந்ததால பிடிபட்டான். அந்தாட்டிக்கா ஓட்டை 1980ல இருந்த அளவுக்கு வர 2066 ஆகும் எண்டுறாங்க. நான் இருக்க மாட்டன், உங்கட பெடியன் இருப்பான்.

(134ஏ ஓசோனைத் தொடாது, ஆனா பூமியச் சூடாக்கும். அதையும் குறைக்க 2016ல ருவாண்டாட கிகாலியில ஒத்துக்கொண்டாங்க. இப்ப வாற பிரிட்ஜ்ல ஆர்-600ஏ எண்ட காஸ். ஐம்பது அறுபது கிராம்தான் போகும், ஆனா பத்தி எரியும். கடையில பீடி குடிக்கிற ஆக்கள வெளியில அனுப்புறதுதான் இப்ப என்ட பெரிய வேல.)

கல்லடிக்காரன்:

காக்கா, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா காஸ் செஞ்சது விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பனிகள், மாத்துக் காஸும் கிடைச்சிது. எண்ணெயும் நிலக்கரியும் அப்படியா? எல்லார்ட அடுப்பிலயும் இருக்கு.

உலகம் ஒண்டுசேர்ந்து வந்ததை நான் 2005ல கண்ணால பார்த்தவன். சுனாமிக்குப் பிறகு எங்கட கரைக்கு ஆரார் வந்தது எண்டு கேளுங்க. தோணி இழந்தவனுக்கு ஒரு தோணி போதும். ஒருத்தனுக்கு மூணு இடத்தால தோணி, பக்கத்து வீட்டு விதவைக்கு ஒண்டுமில்ல. சில பைபர் தோணிகள் கடலுக்கு இறக்க ஏலாம வேலியோரம் கவுத்துக் கிடந்திச்சு, கோழி முட்டை போட்டுது. கொடுத்த எல்லாருக்கும் நல்ல மனசு. ஆருக்கு என்ன கிடைச்சதெண்டு ஒரு கொப்பியில எழுதி வைக்கத்தான் ஒருத்தரும் இல்ல.

ஓய்வு மிசி:

டீச்சர் மகள், நான் ஒரு நாள் கதை மட்டும் சொல்லுறன்.

1995ல திரும்பச் சண்டை தொடங்கின வருசம். போலியோச் சொட்டு மருந்து நாடு முழுக்க ஒரே நாளில குடுக்கோணும் எண்டு வந்திச்சு. அந்த நாளில சுடுறதில்ல எண்டு யுனிசெப் ஊடாக அரசாங்கமும் புலிகளும் ஒத்துக்கொண்டாங்க. நாங்க மண்முனைத் துறையால தோணியில படுவான்கரைக்குப் போனம். பாலம் 2014லதானே வந்தது. மடியில மருந்துப் பெட்டி. ஐஸ் உருகினா மருந்து பழுதாப்போகும், அதால நான் துவக்குக்குப் பயப்பட்டதைவிட வெயிலுக்குத்தான் கூடப் பயந்தன். இந்தக் கரையில ஒரு சோதனை, அந்தக் கரையில ஒரு சோதனை. அங்கால நிண்ட இயக்கப் பெடியன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். "தம்பி, திறந்தா குளிர் போகும், வேணுமெண்டா வந்து பக்கத்தில இருந்து பாருங்க" எண்டன். வந்து மரநிழலில இருந்து பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கடைசியில தன்ட அக்காட பிள்ளையையும் தூக்கி வந்தான்.

சமாதானம் கேட்டிருந்தா ஒருத்தரும் தந்திருக்க மாட்டினம். நாங்க கேட்டது ஒரு நாள், ஒரு பிள்ளைக்கு ரெண்டு சொட்டு. 1993க்குப் பிறகு இந்த நாட்டில போலியோ வந்த பிள்ளை இல்ல. பெரியம்மையும் அப்படித்தான் ஒழிஞ்சது. அமெரிக்காவும் சோவியத்தும் மற்ற எல்லாத்திலயும் முறைச்சுக்கொண்டிருந்த காலத்தில இதில மட்டும் சேர்ந்து நிண்டு, 1980ல முடிஞ்சிட்டு எண்டு அறிவிச்சாங்க.

கல்லடிக்காரன்:

மிசி சொன்னதுக்கு மறுபேச்சில்ல. நானும் ஒண்டை விட்டிட்டன். 2004ல இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறையே இல்ல. பசுபிக்கில 1965இலிருந்து இருந்திச்சு. மறுகாதான் யுனெஸ்கோ மூலமா செய்தாங்க. இப்ப இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூணும் அளந்து எல்லா நாட்டுக்கும் அனுப்புது. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்திராவில நிலநடுக்கம் அடிச்ச உடனே எங்களுக்குச் செய்தி வந்திட்டு. அம்மாவை சைக்கிள் கரியரில ஏத்திக்கொண்டு பாலத்தால ஓடினன். அலை வரல்ல. அம்மா இண்டைக்கும் "வீணா என்ட இடுப்பை உடைச்சவன்" எண்டு சொல்லுவா. சொல்ல அவ இருக்கிறா.

வால்கண்டம்:

முகத்துவாரத்துக்குக் கிட்ட வாற கதை அம்பாறையில இருக்கு. எங்கட அப்பா கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில இடதுகரை வாய்க்காலின் வால்பக்கம் வயல் செய்தவர். மேல்கண்டத்தில சிங்கள விவசாயிகள், கீழே நாங்க. சிறுபோகத்தில தண்ணி எங்களுக்கு வாறதுக்குள்ள பயிர் கருகிடும். இரவில மடையை உடைக்கிறது, மண்வெட்டிச் சண்டை, பொலிஸ், எல்லாம் நடந்தது.

1981ல கொழும்பு கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொஞ்சம் படிச்ச இளம் ஆக்களை ஊருக்குள்ள குடியிருக்க விட்டாங்க. அவங்க வந்து சங்கம் தொடங்கல்ல, தலைவர் செயலாளர் தெரிவு வைக்கல்ல. ஒரு வயல் வாய்க்காலில தண்ணி எடுக்கிற பத்துப் பதினைஞ்சு பேரை மட்டும் இருத்தி, "முதல்ல என்ன செய்வம்?" எண்டு கேட்டாங்க. வருசக்கணக்காத் தூர்ந்து கிடந்த வாய்க்காலை வெட்டினாங்க, முறை வைச்சாங்க. அந்த வருசம் கல்லோயாவுக்குத் தண்ணி குடுக்கிற சேனாநாயக்க சமுத்திரத்தில கால்வாசித் தண்ணிதான். அதிலயும் மிச்சம் பிடிச்சுக் கீழ விட்டாங்க, எங்களுக்கு! அப்பா முதல் நாள் நம்பல்ல. மேல எங்கயோ கட்டு உடைஞ்சிட்டுதாக்கும் எண்டு பார்க்கப் போனவர்.

எல்லாக் காலமும் அப்படியே இருந்தது எண்டு நான் சொல்ல வரல்ல. 80களில சண்டை மூண்டு என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

வலைக்காரன்:

எல்லாரும் நல்லாச் சொல்லுறீங்க. நான் வாவியில தொழில் செய்யிறவன், அதால ஒண்டு சொல்லுறன். வெட்டுறதில எங்களுக்குக் கோவமில்ல. வயல்காரன்ட சோறைத்தான் நானும் தின்னுறன். மண் வெட்டுற பெக்கோ மெசின் எப்ப வரும் எண்டு தெரியாததுதான் பிரச்சினை. எந்த அளவுக்குத் தண்ணி வந்தா வெட்டுவம் எண்டு ஐப்பசியிலேயே சொன்னா, அதுக்கு முதல் கிழமை நாங்க இறாலைப் பிடிச்சுப்போடுவம். வெட்டின பிறகு கூட்டம் வைச்சு என்ன? வெட்டின பிறகு ரெண்டு கிழமை அடுப்பு எரியாததுக்கு எவ்வளவு போச்சு எண்டு இவ்வளவு காலத்தில என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. காக்கா சொன்ன கொம்பிரசர்க் காசு மாதிரித்தான் இதுவும்.

படுவான்கரை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. வலைக்காரன் அண்ணன் எழுதினதைப் பெடியனுக்கு வாசிச்சுக் காட்டினன். "எங்கட மாமாவும் இதத்தான் சொல்லுற" எண்டான். அப்பா என்ன சொல்லுவார் எண்டு கேட்டன். "அவருக்கு அளவு தெரியா டீச்சர், வரம்பு மறைஞ்சாக் கத்துவார்."

பாடசாலைக்குப் பின்னால துறையடியில ஒரு பழைய கொங்கிறீட் தூண் நிக்குது. அதில சென்ரிமீற்றர் கோடு கீறி, பிள்ளைகள் ஒவ்வொரு நாள் காலையும் வாவி மட்டத்தை எழுதட்டும் எண்டு யோசிக்கிறன். புரட்டாசியில தொடங்கினா மாரி முழுக்க ஒரு கணக்கு வரும். பக்கத்து ஊர்ப் பாடசாலை ஒண்டும் செய்தா நல்லம்.

வால்கண்டம்:

செய்யுங்க. ஆனா ரெண்டு தூணிலயும் பூச்சியம் ஒரே மட்டத்தில இருக்கோணும், இல்லாட்டிப் பிறகு கணக்குக்கே சண்டை வரும். நிலஅளவை தெரிஞ்ச ஒருத்தரைப் பிடியுங்க.

ஐஸ்பெட்டி காக்கா, கல்முனை:

பெயின்ட் நான் தாறன் டீச்சர். பிரிட்ஜுக்கு அடிக்கிற வெள்ளை அரை டின் கிடக்கு, தண்ணிக்கு நிக்கும். கறுப்புக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க. பெடியனக் கூட்டி வாற நாள் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், கடை பூட்டு.