இடுப்பு வலிக்கு முதன்முறையாகத் தொக்கணம்: என்ன எதிர்பார்க்கலாம்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலியை விட்டு நகராமல் வேலை பார்ப்பவன். ஐந்து மாதங்களாகக் கீழ் முதுகில் வலி இருக்கிறது. காலையில் முகம் கழுவக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிமிர்வதற்குக் குழாயைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஜவ்வில் பெரிய கோளாறு ஏதுமில்லை, தசை இறுக்கம்தான் என்று சொல்லி, மாத்திரையும் சில பயிற்சிகளும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் ஏழு நாள் தொக்கணம், அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சிகிச்சை, எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். முடிதிருத்தகத்தில் தலையைத் தட்டிக் கழுத்தைச் சடக்கென்று திருப்பிவிடுவதைத் தவிர, மசாஜ் என்ற பெயரில் எதையும் நான் அறியேன். ஆடையை எந்த அளவுக்குக் களைய வேண்டியிருக்கும், வலிக்குமா, வலித்தால் பொறுத்துக்கொள்வதுதான் முறையா, முன்கூட்டி எதையெல்லாம் சொல்ல வேண்டும், இதனால் உண்மையில் பயன் உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

பொதிகைச் சாரல்

வணக்கம் ஐயா. தோள்பட்டை வலிக்காகச் சென்ற ஆண்டு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் கூச்சம் எனக்கும் இருந்தது. முதல் நாள் வாசல் வரை போய்த் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பெண்களுக்குப் பெண் பணியாளர், ஆண்களுக்கு ஆண் பணியாளர் என்பதை நான் போன இடத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். எண்ணெய் தேய்க்கும் பகுதியை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடங்களைத் துணியால் மூடியே வைத்திருந்தார்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்களோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது; அந்த அம்மாள் அதைக் கேட்காமலேயே, சங்கிலியை ஒரு பக்கமாக ஒதுக்கி மெல்லிய துணியைச் சுற்றிவிட்டுத் தம் வேலையைத் தொடங்கினார். ஆண்களுக்குக் கோவணம் போன்ற சிறு துணி கொடுப்பார்கள் என்று என் கணவர் சொல்கிறார். அதுவும் கூச்சமாக இருந்தால், உள்ளாடையோடு இருக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அறையில் விளிம்பு சற்று உயர்ந்த நீண்ட மரமேசை ஒன்று இருக்கும். வழியும் எண்ணெய் வடிந்து போக ஓரத்தில் ஒரு துளை இருக்கும். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, தம் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே என் மேல் ஊற்றினார்கள். முதல் ஐந்து நிமிடம் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பிறகு எப்போது தளர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மேசையிலிருந்து இறங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். உள்ளங்காலிலும் எண்ணெய் இருக்கும், தரையோ வழவழப்பான ஓடு. நான் இரண்டாம் நாள் வழுக்கி, பணியாளரின் தோளைப் பிடித்துத் தப்பினேன். பழைய வேட்டி, பழைய துண்டு, பழைய சட்டை கொண்டு செல்லுங்கள். தைலக்கறை எந்தச் சோப்புக்கும் முழுதாகப் போகாது, வண்டியின் இருக்கையில் பட்டாலும் அப்படித்தான்.

மூலிகைத் தோட்டம்

நான் சித்த மருத்துவம் படித்தவன். பதினான்கு ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். சித்தத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். தொக்கணம் அந்தப் புற மருந்துகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பது வகையாகச் சொல்வார்கள். பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ஒன்பதையும் ஒருவருக்கே செய்வதில்லை. உங்களைப் போல் உட்கார்ந்தே வேலை பார்த்து இடுப்பு இறுகியவர்களுக்குப் பெரும்பாலும் அழுத்தல், பிடித்தல், மெல்ல இழுத்துவிடுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வோம்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். இறுகிய இடத்தை அழுத்தும்போது "ஆமாம், அந்த இடம்தான்" என்று சொல்லத் தோன்றும் ஒரு வலி உண்டு, அது இயல்பு. மூச்சைப் பிடித்துக்கொள்ளவோ, உடம்பை விலக்கிக்கொள்ளவோ செய்யும் வலி வந்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆண்கள் பலர், வலிக்கிறது என்று சொல்வதைக் கௌரவக் குறைவாக எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். வலிக்குப் பயந்து தசை மேலும் இறுகினால், தேய்ப்பவர் அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிறது. கால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போலச் சுரீரென்று இழுத்தாலும், மரத்துப்போனாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் நாளுக்கு மறுநாள் உடம்பு சற்றே அடித்துப் போட்டாற்போல் இருக்கலாம். ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

உங்கள் சர்க்கரை நோயை மருத்துவரிடம் மட்டுமன்றித் தேய்ப்பவரிடமும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். எண்ணெயின் சூடோ, பிறகு கொடுக்கும் ஆவியின் சூடோ தெரியாமல் கொப்புளம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்பதற்காகக் காலை உணவைத் தவிர்த்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டும் வராதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மேசையிலேயே மயக்கம் வரலாம். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் போதும்.

காய்ச்சல், ஆறாத புண், தோலில் தொற்று, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருந்தால் அன்று வேண்டாம் என்று நாங்களே திருப்பி அனுப்புவோம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், எலும்பு தேய்ந்து வலுவிழந்தவர்களும், கருவுற்றவர்களும் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும்.

எந்தத் தைலம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை நல்லெண்ணெயில் காய்ச்சியவை. எள் ஒவ்வாதவர்கள் முன்பே சொல்ல வேண்டும். வலிக்குத் தரப்படும் விடமுட்டித் தைலத்தில் எட்டிக்கொட்டை சேர்கிறது, அது நஞ்சு. முறைப்படி சுத்தி செய்து காய்ச்சியதை வெளிப்பூச்சுக்கு மட்டுமே கொடுப்போம். மீந்ததை வீட்டுக்குக் கொடுத்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சிராய்ப்பு உள்ள இடத்தில் தடவாதீர்கள்.

கடலோரக் காற்று

எல்லாம் சரி, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடம்பில் தேங்கிய நச்சுக் கழிவுகள் எல்லாம் வெளியேறிவிடும், அதுதான் முதன்மைப் பயன். நான் ஒரு தனியார் மசாஜ் நிலையத்தில் இருபத்தொரு நாள் தொகுப்பை மொத்தமாகப் பணம் கட்டி எடுத்தேன். வலி குறையவில்லை என்று கேட்டபோது, கழிவு இன்னும் மீதமிருக்கிறது, இன்னும் பதினான்கு நாள் வேண்டும் என்றார்கள்.

நேர்நிலை

மேலே எழுதிய நண்பரிடம் பணம் வாங்கியவர்கள் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. நான் இயன்முறை மருத்துவன். கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுவதும் செய்யும் வேலை. முதுகைத் தேய்ப்பதால் அது கூடுவதாக நிறுவப்படவில்லை. மசாஜுக்குப் பயன் உண்டு என்று சொல்ல அந்தக் கதை தேவையுமில்லை. இதமான அழுத்தம் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால் வலிச் செய்தி மூளையில் சற்று மங்குகிறது, பதற்றம் தணிகிறது, வலிக்குப் பயந்து தன்னை இறுக்கிக்கொண்டிருந்த தசை தளர்கிறது. அன்றிரவு பலர் நன்றாகத் தூங்குகிறார்கள்.

எந்த அளவுக்குப் பயன் என்றால், கையை விரித்துக்காட்டவும் முடியாது, தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. 2015-இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கீழ் முதுகு வலிக்கு மசாஜ் குறுகிய காலத்துக்குச் சற்று ஆறுதல் தருகிறது, ஆனால் சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கான வழிகாட்டுதலில் மசாஜுக்கும் இடம் இருக்கிறது. அதில் உடற்பயிற்சியும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே வைகைக்கரை ஐயா, நீங்கள் கைவிட்ட அந்தப் பயிற்சித்தாளைத் தேடி எடுங்கள். தொக்கணத்துக்குப் பிறகு இடுப்பு இலகுவாக இருக்கும் அந்தச் சில நாள்களே பயிற்சியைத் தொடங்க ஏற்ற நேரம்; அதைத் தவறவிட்டால், எட்டாம் நாள் அதே நாற்காலியில் அதே வலியோடு அமர்ந்திருப்பீர்கள்.

சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், காலில் வலுக்குறைவு ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் தொக்கணமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கழுத்தெலும்பின் வழியே மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் அதனால் கிழிந்து, பக்கவாதம் வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் முடிவெட்டப் போன இடத்தில் எதற்கு அந்த ஆபத்து?

மூலிகைத் தோட்டம்

இயன்முறை மருத்துவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பயிற்சியும் நடையும் சேராத தொக்கணம் பாதி வேலைதான் என்பதை நோயாளிகளிடம் நானும் சொல்வதுண்டு. கடலோரக் காற்று அவர்களுக்கு: முடியும் நாளை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். சிகிச்சையை எழுதித் தருபவர் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரா என்று கேட்பதில் தவறொன்றுமில்லை.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்று முதல் நாள் முடிந்தது. போனவுடன் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரையைப் பற்றிச் சொன்னதும், பணியாளர் ஒரு பஞ்சுத் துணுக்கால் என் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இடது சுண்டுவிரலருகே எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாத வலிக்குப் போன இடத்தில் இப்படி ஒன்று வெளிப்படும் என்று நினைக்கவில்லை. நாளை மறுநாள் சர்க்கரை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் எனக்கு ஆவி கொடுப்பதைத் தவிர்த்துவிட்டார்கள்.

முப்பத்தைந்து நிமிடம் தேய்த்தார்கள். இடுப்பின் வலப்பக்கம் அழுத்தியபோது பல்லைக் கடித்தேன்; பிறகு இங்கே படித்தது நினைவுக்கு வர, வலிக்கிறது என்று சொன்னேன். "இதைச் சொல்லத்தானே காத்திருக்கிறேன்" என்று கட்டைவிரலை எடுத்துவிட்டு உள்ளங்கையால் நீவத் தொடங்கினார். அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு, பயற்றம்மாவு தேய்த்து வெந்நீரில் குளித்தேன். பகலில் தூங்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கண்ணைச் சொக்குகிறது, அதனால்தான் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். வலி போய்விட்டதா என்றால் இல்லை. மதியம் கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தேன். எடுத்து நிமிர்ந்த பிறகுதான், எதையும் பிடிக்காமல் நிமிர்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

பயிற்சித்தாள் கிடைத்துவிட்டது. அதில் முழங்காலை மார்புக்குக் கொண்டுவரும் பயிற்சி இருக்கிறது. தொக்கணம் நடக்கும் இந்த ஏழு நாளிலும் அதைச் செய்யலாமா, அல்லது முடிந்த பிறகா என்பதை மட்டும் மருத்துவர்கள் இருவரும் சொல்ல வேண்டுகிறேன்.

நேர்நிலை

நாளையே தொடங்கலாம். மாலையில், வெறுந்தரையில் பாய் விரித்து, ஒரு காலுக்கு ஐந்து முறை. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.