ஒளியியக்கமா, சாயவொளியா, ஒளியூக்கமா?

வணக்கம் டொக்டர்,

பல் உள்வைப்பைச் (தாடை என்பில் பதிக்கும் டைட்டேனியம் வேர்) சுற்றி வரும் அழற்சிக்கான சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவில், மூன்று வேறு சிகிச்சைகளுக்கும் 'லேசர் ஒளிச்சிகிச்சை' என்று ஒரே பெயர் இருக்கிறது. அது சரிவராது.

நோய்ப்பெயரில் தகராறில்லை. 'உள்வைப்புச்சூழ் முரசழற்சி' நல்ல சொல். வெள்ளவத்தை நோயாளர் 'ஈறு' என்பதில்லை, முரசுதான். என்பு கரைந்திருந்தால் 'உள்வைப்புச்சூழ் என்பழற்சி'. முன்னது நன்றாகச் சுத்தம் செய்தால் மீளும். கரைந்த என்பு அப்படி மீளாது.

இனி ஒளி. எர்பியம் யாக் லேசர் (அலைநீளம் 2940 நானோமீற்றர்) நீரால் உறிஞ்சப்படுவது. நீர் பீய்ச்சியபடியே உள்வைப்பில் ஒட்டிய படிவை நீக்கும். இதை 'லேசர்ச் சுரண்டல்' என்கிறேன். டயோட் லேசர் சூடாக்குவது. நுனியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் டைட்டேனியம் அந்தச் சூட்டை என்புக்குக் கடத்தும். 47 பாகை செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே என்பு கெடும். இதற்கு 'லேசர்ச் சூட்டுச் சிகிச்சை'.

மூன்றாவதுதான் சிக்கல். மெதிலீன் நீலம் என்ற சாயத்தை முரசுப் பையின் (உள்வைப்புக்கும் முரசுக்கும் இடையிலான பள்ளத்தின்) அடியிலிருந்து மேலாக நிரப்பி, ஓரிரு நிமிடம் விட்டு, மிகுதியைக் கழுவி, 660 நானோமீற்றர் அளவிலான சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறீர்கள். கழுவாவிட்டால் தடித்த சாயமே ஒளியை மறிக்கும். இரத்தக் கசிவும் அப்படித்தான். பற்றீரியாவைக் கொல்வது சூடல்ல, சாயம் ஒளியை வாங்கி உண்டாக்கும் வீரியமிக்க ஒட்சிசன். இதற்கு வழங்கும் 'ஒளியியக்கச் சிகிச்சை' (photodynamic therapy) என்பதில் சாயத்தைக் காணோம். எது இயங்குகிறது என்றும் தெரியவில்லை. 'சாயவொளிச் சிகிச்சை' எப்படி?

மறுமொழி:

ஐயா, பிரித்தது சரி. ஆனால் 'சாயவொளி' பல் மருத்துவத்துக்கு வெளியே பொருந்தாது. தோல் மருத்துவத்தில் இதே முறைக்கு அமினோலெவுலினிக் அமிலம் பூசுவார்கள். அது சாயமே அல்ல. கலங்கள்தான் அதை ஒளி வாங்கும் பொருளாக மாற்றுகின்றன. 'ஒளியூக்கி', 'ஒளியூக்கச் சிகிச்சை' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். பள்ளி இரசாயனத்தில் ஊக்கி என்பது தான் தீராமல் தாக்கத்தை விரைவாக்குவது. மெதிலீன் நீலமும் ஒளிபட்டு வெளுக்கும்வரை திரும்பத் திரும்ப அப்படியே வேலை செய்கிறது.

படிவத்தில் அடுத்த வரியிலேயே விளக்கம் வரட்டும்: 'நீலச் சாயமிட்டுச் சிவப்பு ஒளி பாய்ச்சப்படும். முரசில் நீலம் சிறிது நேரம் தெரியலாம். கருவியால் சுத்தம் செய்வதற்கு இது துணை மட்டுமே.' கடைசி வசனத்தை எடுக்கவேண்டாம். மேலதிகப் பயன் இன்னும் உறுதியாகவில்லை.

'லேசர்ச் சுரண்டல்' மட்டும் வேண்டாம் ஐயா. பில்லைப் பார்த்தவர் வேறு பொருள் கொள்வார். 'லேசர் வழிப்பு' என்று போடுவோம்.