டீசல் டிரக் இழுவைப் போட்டிக்கு முதல் தடவை போகிறேன். எங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

நாசில்காரன் (பீன்யா):

பெங்களூர் பீன்யா செகண்ட் ஸ்டேஜில் ஒரு டீசல் பம்ப் ரூமில் பதினோரு வருஷமாக, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் அக்காவுக்குப் பிரசவம். அம்மாவைத் தனியாக விமானத்தில் அனுப்ப முடியாது என்று மாமா எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டார். ஊர் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ். டீசல் இன்ஜின் கம்பெனி கம்மின்ஸின் தலைமையகம் இருக்கிற அதே கொலம்பஸ்! அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அதுவே பாதி சந்தோஷம்.

பக்கத்துக் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) பொருட்காட்சி, அதில் ஒரு நாள் சாயங்காலம் டீசல் பிக்கப் டிரக் இழுவைப் போட்டி என்று மாமா சொன்னார். பின்னால் பாரத்தைக் கட்டி யார் அதிக தூரம் இழுக்கிறார்கள் என்பதுதான் போட்டி. மூன்று வருஷமாக ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனில் இதைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஒன்று பிடிபடவில்லை. கிளம்பும்போது வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது. இருநூறு அடி தாண்டினால் முக்கி முனகி நின்றுவிடுகிறது. பின்னால் கட்டியிருப்பது அதே பாரம்தானே? நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கே உட்கார வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்? 62 வயது அம்மாவும் வந்தே தீருவேன் என்கிறார்.

ஒயிட்ஃபீல்டு வாசி:

ஓஹையோவில் ஆறு வருஷம் இருந்தேன், கோடை வந்தால் ஒன்றையும் விட்டதில்லை.

பாரம் அதேதான், அது உட்காருகிற இடம்தான் மாறுகிறது. டிரக் இழுக்கிற அந்தப் பார வண்டிக்குப் பெயர் ஸ்லெட். அதற்குப் பின்னால் சக்கரம், முன்னால் தரையில் தேய்கிற பெரிய இரும்புத் தட்டு. கிளம்பும்போது எடைப் பெட்டி பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும், அதனால் சுலபமாக உருண்டு வரும். வண்டி இழுக்க இழுக்க, ஸ்லெட்டின் சக்கரமே சங்கிலி வழியாக அந்தப் பெட்டியைச் சாய்வான தண்டவாளத்தில் முன்னால் ஏற்றும். பெட்டி முன்னே வர வர தட்டு களிமண்ணில் அழுந்தும். அதுவரை தள்ளுவண்டி, அப்புறம் நங்கூரம். 300 அடி முழுக்க இழுத்தால் ஃபுல் புல். இரண்டு மூன்று பேர் அப்படி இழுத்துவிட்டால், அவர்களுக்குள் மறுபடி ஒரு சுற்று.

அதனால் கிளம்புகிற இடத்தில் உட்காராதே. முதல் தடவை நானும் புகையைப் பார்க்கிற ஆசையில் அங்கேதான் உட்கார்ந்தேன். ஜெயிப்பதும் தோற்பதும் எனக்கு ரொம்பத் தூரத்தில் நடந்தது. 200 அடிக்கும் 300 அடிக்கும் நடுவே இடம் பிடி. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து தடத்தை நோக்கி வீசுகிறதா என்று பார்த்து உட்கார். பானெட்டைத் துளைத்துக்கொண்டு நேராக மேலே நிற்கும் குழாயிலிருந்து வருகிற கரி எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? என் மேல் இறங்கியது. அன்றைக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை இப்போது கார் துடைக்கிற துணி.

அம்மாவுக்குக் கட்டாயம் இயர்மஃப் வாங்கு, பஞ்சு போதாது. இரும்புப் பெஞ்சு சுடும், ஒரு தலையணை எடுத்துப்போ. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே தடத்தைச் சுரண்டி உருளை ஓட்டுவார்கள், அந்த நேரத்தில் லெமன் ஷேக்கப் வாங்கிக் கொடு. நம்ம ஊர் எலுமிச்சை சர்பத்தான், டம்ளர்தான் பெரிசு. சைவத்துக்கு அவித்த சோளம். வேறு பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே.

ஆகஸ்டிலும் இருந்தால் ஓஹையோவில் பவுலிங் கிரீனுக்குப் போ. 1967லிருந்து நடக்கிற டிராக்டர் இழுவைத் திருவிழா, அது வேறு லெவல்.

கலாசிபாளையம் மேஸ்திரி:

தம்பி, பம்ப் ரூம் ஆள் என்கிறாய், அதனால் சொல்கிறேன். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆறு சிலிண்டர், 160 குதிரைசக்தி. அதே குடும்பத்து இன்ஜின்தான் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளில் ஓடியது. எத்தனை பிரித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அங்கே அதிலிருந்து ஆயிரத்துக்கு மேல் குதிரைசக்தி எடுக்கிறான். அதற்கு அவன் தேடிப் போவது பாஷ் கம்பெனியின் பழைய பி7100 இன்லைன் டீசல் பம்ப், எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. நாம் டெஸ்ட் பெஞ்சில் சொட்டு சொட்டாக அளந்து விடுவதை அவன் வாளியால் ஊற்றுகிறான். நீ பார்க்கிற கறுப்புப் புகை முழுசாக எரியாத அந்த டீசல்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ முழு வேகம் பிடித்ததும் புகை குறையும். கடைசிவரை கறுப்பாகவே கக்குகிற வண்டி பார்க்கத்தான் ஜோர்.

இன்னொன்று. வண்டிக்குப் பின்னால் ஸ்லெட்டோடு ஒரு மெல்லிய கேபிள் மாட்டுவார்கள், அதைக் கவனி. டர்போ சீல் போய் ஆயிலையே குடிக்க ஆரம்பித்தால், டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காது. ஒரு தடவை யஷ்வந்த்பூர் யார்டில் இப்படி ஒரு லாரி அலறியது. ஈரச் சாக்கை ஏர் இன்டேக்கில் அடைத்துத்தான் நிறுத்தினோம், இன்றைக்கு நினைத்தாலும் கை உதறுகிறது. அந்தக் கேபிளை இழுத்தால் காற்று வரும் வாயை ஒரு தகடு மூடிவிடும். நம்ம ஈரச் சாக்குதான், கொஞ்சம் நாகரிகமாக.

டோம்லூர் டீ:

ஆந்திராவில் ஒங்கோல் காளைகளைப் பெரிய பாறாங்கல்லில் பூட்டி இழுக்க விடுவார்களே, அதுதானே இது? காளைக்குப் பதில் கம்மின்ஸ்.

ஒயிட்ஃபீல்டு வாசி:

கிட்டத்தட்ட. குதிரைகளை வைத்துத் தொடங்கியதுதான், 1929லேயே டிராக்டர்களை வைத்து நடத்தியிருக்கிறார்கள். அப்புறம் கொஞ்ச காலம் பெட்டிக்குப் பதில் ஆட்களே பாரம். வழி நெடுக வரிசையாக நிற்பார்கள், இழுபடுகிற பலகை பக்கத்தில் வர வர ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். ஓட்டுகிறவனுக்குப் பிடிக்காதவர்கள் எல்லாம் முதலிலேயே ஏறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாசில்காரன் (பீன்யா):

போய்விட்டு வந்தேன்! 240 அடிப் பக்கம் இடம் கிடைத்தது. முதல் வண்டி கிளம்பியதும் சத்தம் காதில் கேட்கவில்லை, பெஞ்சு வழியாக முதுகில் ஏறியது. அம்மா இரண்டு கையாலும் இயர்மஃபை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான்காவது வண்டிக்குள் ஆட்டம் பிடிபட்டுவிட்டது, டிரக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு “பெட்டி ஏறுதுடா, பெட்டி ஏறுதுடா” என்று என் தொடையில் அடிக்க ஆரம்பித்தார்.

ஒரு பழைய சிவப்பு டாட்ஜ். புகை அதிகம் இல்லை, மேஸ்திரி அண்ணா சொன்ன மாதிரி. முன்னால் தொங்கவிட்டிருந்த எடைகளையும் மீறி மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. எங்களைத் தாண்டும்போது டயர் மண்ணை வாரி இறைத்தது. ஸ்கோர் பலகையில் 296.4 அடி என்று வந்ததும் பக்கத்தில் இருந்த தாத்தா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அம்மாவும் எழுந்து நின்று “அய்யோ, இன்னும் நாலு அடி” என்றார், தமிழில்தான். அந்தத் தாத்தா அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் ஜாக்கெட்டில் இன்னும் டீசல் வாடை அடிக்கிறதாம், கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு. குளித்துவிட்டு வருகிறேன்.